குடைப்பாறைக்கு அடியில்

எங்கள் ஊரில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் சண்டை என்று நினைத்துப் பயந்துபோவார்கள். சண்டையெல்லாம் இல்லை. பாறையில் துளை போடும் ஜாக்ஹேமரைப் பிடித்துப் பிடித்து ஆண்களுக்குக் காது மந்தம். அவர்களோடு பேசிப் பேசிப் பெண்களுக்குத் தொண்டை பெரிது. அவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே. "சோறு வெந்துருச்சா?" என்று மாது அண்ணன் அவர் வீட்டில் கேட்டால், எங்கள் வீட்டில் அம்மா மூடியைத் திறந்து பார்ப்பாள்.

நான் ஒருத்திதான் மெதுவாகப் பேசுகிறவள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குப் பதில் தெரியும், குரல்தான் வராது. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். வீட்டிலும் நான் சொல்வது யாருக்கும் கேட்காது. "எழிலு வாயசைக்குது, என்னான்னு பாரு" என்று அப்பா அக்காவிடம் சொல்வார். அக்கா ஐஸ்வர்யா என் உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

மாரண்டஹள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, டிப்பர் லாரிகள் போகும் செம்மண் பாதையில் நடந்தால் எங்கள் கல்லாங்கொட்டாய் வரும். என் அம்மா பிறந்தபோது இப்படி ஓர் ஊரே கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் வந்துபோகும் கரட்டு நிலம். பிறகு யாரோ ஒரு முதலாளி கருங்கல் இருப்பதைக் கண்டுபிடித்துக் குவாரி போட்டார். ஆந்திரா பக்கமிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள், கனகபுரா பக்கமிருந்து கன்னடம் பேசுகிறவர்கள் வந்தார்கள். மழை இல்லாமல் காடு காய்ந்துபோன என் அப்பா பென்னாகரம் பக்கமிருந்து வந்தார். ஜாக்ஹேமருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸர் மெஷினைப் பார்க்க தர்மபுரியிலிருந்து நூர் பாஷா மாமா வந்தார். மெஷின் ஓடினால்தான் ஊருக்குக் கூலி என்பதால் அவரைப் போக விடவே இல்லை. வஹிதா அத்தையையும் கூட்டி வந்து இங்கேயே குடியிருக்கிறார்.

முதன்முதலில் துளை போட்ட பாறைதான் எங்கள் முனியப்பன். அந்தத் துளைகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் வரிசையாக விளக்கு எரியும். வீடுகளுக்குக் கூரை எல்லாம் சிமெண்ட் ஷீட்தான். ஆனால் வாசல்படியும், துணி துவைக்கும் கல்லும், ஆட்டுப்பட்டியின் சுவரும்கூடப் பளபளக்கும் கருங்கல். ஓரம் உடைந்ததென்று கம்பெனி ஒதுக்கிய கற்கள். உடையாத கற்கள் கப்பலேறி வெளிநாட்டுக்குக் கல்லறை மேல் வைக்கப் போகின்றன என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னார். "நாம வெட்டற கல்லுல எவனோ சொகமா படுத்திருக்கான்" என்பார் நஞ்சம்மாள்.

நஞ்சம்மாளைப் பற்றிச் சொன்னால்தான் விசிலைப் பற்றிச் சொல்ல முடியும். குவாரியில் வெடி வைப்பது நடுப்பகலில். வெடிப்பதற்கு முன்னால் நீளமாக ஒரு விசில். விசில் கேட்டால் ஊரே எழுந்து ஓடிக் குடைப்பாறைக்கு அடியில் நின்றுகொள்ள வேண்டும். குடை விரித்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. கல் பறந்து வந்தாலும் அங்கே விழாது. நான் பிறப்பதற்கு முன்னால், சில வாலிபர்கள் சும்மா விளையாட்டுக்கு விசிலை எடுத்து ஊதி, எல்லோரும் ஓடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. அதற்கு அடுத்த தடவை ஊதியது நிஜ விசில். நஞ்சம்மாளின் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்தாராம். "பசங்க ஊதறானுங்க" என்று எழுந்திருக்கவில்லை. கல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

அதன் பிறகு குடைப்பாறைக்கு அடியில் கூடிப் பேசி இரண்டு முடிவு எடுத்தார்கள். விசில் கேட்டால் யார் ஊதியது, எதற்கு ஊதியது என்று கேட்கக் கூடாது, ஓட வேண்டும். நடக்க முடியாதவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கிக்கொள்ள வேண்டும். இது ஒன்று. தப்பாக ஒரு தடவை விசில் ஊதினால், அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டை விட்டுப் போய்விடும், திரும்ப வராது. இது இரண்டு. முடிவு சொன்ன கையோடு விசிலை நஞ்சம்மாள் என் அப்பா குப்புராஜிடம் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து வெடிக்கு முன்னால் ஊதுவது அவர்தான். இன்றுவரை அது எங்கள் வீட்டு ஆணியில், சிவப்புக் கயிற்றில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அப்பாவிடம் வேறு சொத்து எதுவும் இல்லை.

இப்போது அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். மாரண்டஹள்ளி மண்டிக்குத் தக்காளி கொண்டுவரும் வேன்காரர் வீரமணியை பஸ் ஸ்டாப்பில் பார்த்துப் பழகியிருக்கிறாள். காரிமங்கலத்துக்காரர். விசாரித்ததில் தூரத்துச் சொந்தமாகவும் இருந்தது. அப்பாவுக்குச் சம்மதம். வீரமணியின் அம்மா ஜானகியம்மாளுக்குத்தான் மனசில்லை. வீரமணியைத் தகப்பன் இல்லாமல் வளர்த்தவர். அந்த அம்மா சொன்னதை வீரமணி அக்காவிடம் சொல்ல, அக்கா எங்களிடம் சொன்னாள்: "அது நாலு தேசத்து ஆளுங்க வந்து ஒதுங்குன எடம். ஊரா அது? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாங்க?"

இருந்தாலும் மகனுக்காக ஒரு தடவை நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை. பிடிக்கவில்லை என்றால் அதோடு பேச்சை விட்டுவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அக்கா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா குவாரி சூப்பர்வைசரிடம் போய் அன்றைக்கு மட்டும் வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் சரி என்றார். அம்மா வீடு வீடாகப் போனாள்.

"அண்ணா, நாளைக்கு விருந்தாளிங்க வராங்க. கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"என்னா?" என்றார் மாது அண்ணன்.

"மெதுவா பேசுங்கன்னேன்!"

"அத ஏன் இவ்ளோ சத்தமா சொல்ற?"

கடைசியில் மாது அண்ணன் வாயையே திறப்பதில்லை, வெறுமனே சிரித்துக்கொண்டு நிற்பது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை காலையில் நூர் பாஷா மாமா பிளாஸ்டிக் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். வஹிதா அத்தை கேசரி கிளறினார். வேன் வந்து நின்றது. ஜானகியம்மாள் முட்டி வலிக்காரர், கம்பு ஊன்றி இறங்கினார். கூடவே வீரமணி, இரண்டு அத்தைமார்கள், தாய்மாமன் மாதவராஜ். தாய்மாமன் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். உட்காரும் முன்பே நாற்காலிகளை எண்ணி, "எல்லாருக்கும் சீட்டு இருக்குது, உள்ள போங்க, உள்ள போங்க" என்று தன் ஆட்களை நகர்த்தினார்.

ஜானகியம்மாள் சிரிக்கவில்லை. வாசல்படிக் கல்லைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெளியே வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்த ஊர் ஆட்களைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"ஊர்க்காரங்க தானுங்க" என்றார் அப்பா.

"சொந்தமா?"

அப்பா யோசித்தார். "சொந்தம் இல்லீங்க. ஆனா இங்கயே இருக்கறவங்க."

"அந்தாளு ஏன் சிரிச்சிக்கிட்டே இருக்கான்?"

மாது அண்ணனைத்தான் கேட்டார். அக்கா காபித் தட்டைக் கொண்டுவந்தாள். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஜானகியம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த டம்ளரை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கைகழுவத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார். அப்போதுதான் அது நடந்தது. நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாதவராஜ் மாமா எழுந்து காலண்டரில் நல்ல நேரம் பார்க்க வந்தார். பக்கத்தில் விசில். கண்டக்டர் வேலையை விட்டு எத்தனை வருஷமாயிற்றோ, அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிப்போனது. கையில் எடுத்தார். கைக்குட்டையால் துடைத்தார்.

"மாமா, வேணாங்க" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. நாக்கை உள்ளே மடித்து, கண்ணை மூடி, நீளமாக ஊதினார்.

அதன் பிறகு நடந்ததை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். வஹிதா அத்தை கேசரிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். கொல்லைப்பக்கமிருந்து அப்பா குடத்தைப் போட்டுவிட்டு வந்தார். விசில் தன் வீட்டு விசில்தான், தன் கையில் இல்லை, இன்றைக்கு வெடியும் இல்லை. எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் யார் ஊதியது என்று கேட்கவில்லை. "பேகா! பேகா!" என்று கத்தினார். சீக்கிரம் என்பதற்கு எங்கள் ஊரில் எல்லோருமே கன்னடத்தில்தான் கத்துவார்கள்.

அக்கா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீரமணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அத்தைமார்கள் இருவரும் என்ன ஏதென்று தெரியாமல் பின்னாலேயே ஓடினார்கள். மாதவராஜ் மாமாவும் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர்களோடு ஓடினார். மாது அண்ணனுக்கு விசில் கேட்காது, மற்றவர்களின் காலைப் பார்த்துத்தான் ஓடுவார். காலைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், ஜானகியம்மாள் கம்பைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நாற்காலியின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறு பக்கத்தை நூர் பாஷா மாமா பிடிக்க, அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"ஏய்! எறக்குடா! டேய், யார்ரா நீங்க! மணி! டேய் மணி!"

மாது அண்ணனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடினார்.

குடைப்பாறைக்கு அடியில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். நடுவில் நாற்காலியில் ஜானகியம்மாள், ஒரு காலில் செருப்பு இல்லை. சிங்காரித்த முடி கலைந்து முகத்தில் கிடந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நஞ்சம்மாள் விரலை உயர்த்தி, "பேசாதீங்க. கணக்கு" என்றார்.

கணக்கு எங்கள் ஊர் வழக்கம். பாறைக்கு அடியில் வந்ததும் நஞ்சம்மாள் வீடு வீடாகக் கூப்பிடுவார். வந்தவர்கள் எத்தனை, வராதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

"மாது வூடு?"

"நாலு!" என்றார் அவர் மனைவி.

"பாஷா வூடு?"

"ரெண்டு. ஷாஜியா தர்மபுரில, காலேஜ்ல" என்றார் வஹிதா அத்தை.

இப்படியே எல்லா வீடும் வந்தது. கடைசியில், "குப்புராஜ் வூடு?"

"நாலு" என்றார் அப்பா. பிறகு சுற்றிலும் பார்த்து, "விருந்து அஞ்சு" என்றார்.

"முட்டி வலிக்கார அம்மா?"

"இதோ, நடுவுல."

ஜானகியம்மாள் நஞ்சம்மாளை ஒரு மாதிரி பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

காத்திருந்தோம். வெடி வரவில்லை. அப்பா செல்போனில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெடியும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்ப யாரு ஊதுனது?" என்றார் நஞ்சம்மாள்.

பாறைக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. எங்கள் ஊரில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. மாதவராஜ் மாமா எனக்கு முன்னால் நின்றிருந்தார். அவர் கழுத்தெல்லாம் வியர்வை. சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கயிறு வெளியே தொங்கியது. எனக்கு அக்காவின் முகம் தெரிந்தது. இது வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு அவமானம், அதோடு எல்லாம் முடிந்துவிடும். நான் கையை நீட்டிக் கயிற்றை அவர் பைக்குள் தள்ளிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் பஸ்ஸைத் தவறவிட்டவரின் பார்வை இருந்தது.

அப்பாவும் கயிற்றைப் பார்த்திருக்கிறார். "மச்சான், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று மெல்ல வந்து அவர் பக்கத்தில் நின்றார். தோளிலிருந்த துண்டைச் சரிசெய்கிற மாதிரி நீட்டி, அதற்கு அடியில் கையை விட்டு விசிலை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து நின்று, சின்னதாக இரண்டு தடவை ஊதினார். எல்லாம் சரி, வெளியே வரலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். யாரும் வெளியே வரவில்லை.

"நான்தான் ஊதுனேன்" என்றார் அப்பா. "மத்தியானம் ஆச்சேன்னு பழக்கதோசத்துல கை போயிடுச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நஞ்சம்மாள் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"குப்பு, நீயா?"

"ஆமாக்கா."

நஞ்சம்மாள் கையை நீட்டினார். கொடுத்த கைதான் அது. அப்பா கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்பா ஊதல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அக்கா தலை குனிந்திருந்ததால் என் உதட்டைப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

"இருங்க" என்றார் ஜானகியம்மாள். "அந்தப் பொண்ணு என்னமோ சொல்லுது."

ஊரே என்னைப் பார்த்தது. என் கண் மாதவராஜ் மாமாவின் பக்கம் போனது. ஜானகியம்மாள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பினார்.

"அண்ணே."

மாதவராஜ் மாமா பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உன்னத்தான். காரிமங்கலம் சந்தைக்கு எத்தன வருசம் உன் பஸ்ல போயிருக்கேன்? கடைசில ஒரு இழுப்பு இழுப்பியே, அது வேற எவனுக்கு வரும்? ஊதும்போதே எனக்குத் தெரியும். இவங்க வந்து தூக்குன பயத்துல மறந்து போச்சு."

"சும்மா ஊதிப் பாத்தேன் ஜானகி" என்றார் அவர். குரல் என் குரலைவிடச் சிறியதாக இருந்தது. "நல்ல விசிலு. பித்தளை."

"நல்லா ஊதுன போ. டபுள் விசில் குடுத்திருந்தா ஊரே காவேரிப் பக்கம் போயிருக்கும்."

முதலில் சிரித்தது வஹிதா அத்தை. பிறகு அக்கா. மாது அண்ணன் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, காலையிலிருந்து அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து, "என்னா? என்னா சொன்னாங்க?" என்று கத்தினார். ஜானகியம்மாள் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

நஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே இருந்தது. "ஊதுனது யாரா இருந்தா என்ன? விசிலு அந்த வூட்டு ஆணில இருந்துதானே போச்சு?"

ஜானகியம்மாள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டார். "ஏங்கம்மா, தப்பு எங்க வூட்டுது. ஊர்ல என்ன வழக்கமோ அத நாங்க செய்யறோம். வெசயம் தெரிஞ்சும் தெரியாத மாதிரி பழிய வாங்கிக்கிட்டாரே, அந்த மனுசன்கிட்ட இருந்து அத வாங்காதீங்க."

"உங்க வூட்டுத் தப்புன்னா வழக்கம் என்னான்னு எங்களுக்குத் தெரியாது. இதுவரைக்கும் விருந்தாளி யாரும் எடுத்து ஊதுனது இல்ல" என்றார் நஞ்சம்மாள். எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அந்த ஆளு ஊரு முழுக்கப் போயி ஒவ்வொரு வூட்லயும் சொல்லட்டும், நான்தான் ஊதுனேன்னு. மாதுகிட்ட மட்டும் ரெண்டு தடவ சொல்லணும். ஆணிய ஒசரத்துல அடி, குப்பு."

அப்பா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். ஜானகியம்மாள் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். வீரமணி கை கொடுக்கப் போனார்.

"நீ போடா. விசில் கேட்டதும் அம்மா ஞாபகம் வந்துச்சா உனக்கு? அந்தப் பொண்ணு கையப் புடிச்சிக்கிட்டு ஓடுன."

"அவதாம்மா புடிச்சி இழுத்தா."

"தெரியுது. புடிச்சது புடிச்சதா இருக்கட்டும்." மாது அண்ணனையும் நூர் பாஷா மாமாவையும் பார்த்தார். "தூக்கிட்டு வந்தவங்களே கொண்டு போயி வுடுங்க. மெதுவா போங்க. வரும்போது இருந்த வேகம் வேணாம்."

தூக்கினார்கள். போகிற வழியில் நஞ்சம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "கணக்குல என்னைய எந்த வூட்ல சேத்தீங்க?"

"குப்பு வூட்லதான். ஏன்?"

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அக்கா அங்கேயே நின்று அழுதாள். வீட்டுக்குப் போனபோது கேசரிச் சட்டியில் ஆடு தலையை விட்டிருந்தது. ஆறிப்போன காபியை ஜானகியம்மாளே கேட்டு வாங்கி முழுவதும் குடித்தார்.

தை மாதத்தில் கல்யாணம். மறு வாரம் அக்கா காரிமங்கலம் போனாள். அடுத்த நாள் மத்தியானம் நிஜ விசில் ஊதியது. ஓடினோம். அக்காவின் கை இல்லாமல் ஓடுவது எனக்குப் பழகவில்லை.

"குப்புராஜ் வூடு?"

"மூணு" என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "ஐஸ்வர்யா காரிமங்கலத்துல."

நஞ்சம்மாள் விடவில்லை. "அந்தம்மா?"

"அந்தம்மாவும் காரிமங்கலத்துல."

"என்னா?" என்றார் மாது அண்ணன்.

பாறைக்கு அடியில் இருந்த எல்லோரும் ஒன்றாகக் கத்தினோம், "காரிமங்கலத்துல!" நானும்தான் கத்தினேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குள் வெடி வெடித்துவிட்டது.